நூறு அயிட்டம் போடும் கடையில் சாம்பார் தேடாதீர்கள்

நவி மும்பையின் ஐரோலியில் நல்ல சாம்பார் கிடைக்காது. புதிதாக இங்கே வந்து இறங்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இதை எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுவது நல்லது. மைண்ட்ஸ்பேஸ் ஐ.டி. வளாகத்தில் வேலை கிடைக்கிறது. மூன்று பேராகச் சேர்ந்து ஏதோ ஒரு செக்டரில் வீடு பிடிக்கிறார்கள். அடுப்பும் குக்கரும் வாங்குவதற்குள் பசி வந்துவிடுகிறது. ‘ப்யூர் வெஜ்’ பலகையைக் கண்டதும் நம் ஊர்ச் சாப்பாடு இருக்கும் என்று நம்பி உள்ளே போகிறார்கள். மசாலா தோசை விறைப்பாக, மேலே வெண்ணெய் மினுங்க வருகிறது. சாம்பார் இனிக்கிறது. சட்னி ஃபிரிட்ஜிலிருந்து வந்த சில்லிப்போடு இருக்கிறது. மறுநாளிலிருந்து கைப்பேசியில் பிரியாணி வரவழைக்கத் தொடங்குகிறார்கள். ஆறு மாதத்தில் வயிறு கெடுகிறது.

இத்தனைக்கும் ஐரோலி சாப்பாட்டுக்குப் பஞ்சமான ஊர் அல்ல. எந்தக் கடையில் எதைக் கேட்க வேண்டும் என்பதை யாராவது சொல்லித் தர வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான். என் அளவுகோல் ஒன்றே ஒன்று: குறைவாகச் சமைக்கும் கடைக்குப் போங்கள், அதுவும் சமைக்கிறவர் தன் வீட்டில் சாப்பிடுவதையே சமைத்துப் போடும் கடைக்கு.

இங்குள்ள ‘ஃபேமிலி ரெஸ்டாரண்ட்’களில் எதில் நுழைந்தாலும் கையில் தரும் மெனு கார்டு ஏறக்குறைய ஒன்றுதான். முதல் பக்கத்தில் இட்லி, தோசை, உத்தப்பம். அடுத்து பாவ்பாஜி, சாண்ட்விச். பிறகு பன்னீரிலேயே ஒரு பக்கம். அதற்கப்புறம் மஞ்சூரியன், ஷெஸ்வான், டிரிப்பிள் ரைஸ். கடைசியில் ஃபலூடா, மில்க் ஷேக். தனியாக ஒரு கடையின் பெயரைச் சொல்லிக் குறைபட வேண்டியதில்லை. கோளாறு அந்தக் கார்டில் இருக்கிறது. நூறு நூற்றைம்பது அயிட்டத்தை ஒரு சின்ன அடுப்படியில் எப்படிச் செய்ய முடியும்? காலையிலேயே வெங்காயமும் தக்காளியும் வேகவைத்து அரைத்த சிவப்பு கிரேவி ஒரு பாத்திரம், முந்திரியும் தர்பூசணி விதையும் அரைத்த வெள்ளை கிரேவி ஒரு பாத்திரம், மஞ்சள் கிரேவி இன்னொரு பாத்திரம் என்று தயாராகிவிடும். ஆர்டர் வந்ததும் வாணலியில் சிவப்பில் ஒரு கரண்டி, வெள்ளையில் அரைக் கரண்டி. பன்னீர் விழுந்தால் பட்டர் மசாலா. காய் விழுந்து காரம் கூடினால் வெஜ் கோலாப்புரி. பஞ்சாபிச் சமையலுக்கு இது ஓரளவு ஒத்துவரும்.

சாம்பாருக்கு ஒத்துவராது. புளித்தண்ணீர் பச்சை வாடை போகக் கொதிக்க வேண்டும். பருப்பு தனியாகக் குழைய வேண்டும். வறுத்து அரைத்தது கடைசியில் சேர வேண்டும். இறக்கிய பிறகு அதிக நேரம் காத்திருக்கக் கூடாது. இரவு பத்தரை மணிக்கும் தோசை போட வேண்டிய கடையில், காலையில் வைத்த சாம்பாரில் வெந்நீர் ஊற்றித் திரும்பத் திரும்பச் சுடவைப்பதுதான் நடக்கும். ருசி எங்கிருந்து வரும்?

கடைக்காரர் மீது மட்டும் பழி போடுவது நியாயமும் இல்லை. வாடகை, மின்கட்டணம், உணவு வரவழைக்கும் செயலிகள் எடுத்துக்கொள்ளும் கமிஷன் எல்லாம் போக மிஞ்ச வேண்டுமென்றால், எல்லா மேசையும் எல்லா நேரமும் நிறைந்திருக்க வேண்டும். நாம் குடும்பமாகப் போகிறோம். தாத்தாவுக்கு இட்லி, அப்பாவுக்கு ரொட்டி, பேரனுக்கு நூடுல்ஸ் என்று கேட்கிறோம். ஒன்று இல்லையென்றால் எழுந்து அடுத்த கடைக்குப் போகிறோம். கார்டு நீண்டதில் நம் பங்கும் உண்டு.

மும்பைத் தமிழர்கள் நெடுங்காலமாக மறந்துபோன இன்னொரு விஷயமும் இருக்கிறது. இந்த நகரத்தில் ‘சவுத் இந்தியன்’ என்று விற்பது பெரும்பாலும் உடுப்பிச் சமையல். அதில் வெல்லம் சேர்வது குற்றமல்ல, அது அவர்கள் ஊர் வழக்கம். மும்பையின் மாட்டுங்கா வட்டாரத்துப் பெயர்பெற்ற கடைகளைத் தொடங்கியவர்கள் கர்நாடகக் கடற்கரையிலிருந்து வந்த, துளுவும் கொங்கணியும் பேசும் குடும்பத்தினர். தமிழ் பிராமணர்களும் பாலக்காட்டுக்காரர்களும் குமாஸ்தா வேலைக்கும் ஸ்டெனோ வேலைக்கும் ரயிலேறி வந்து மாட்டுங்காவில் அறை எடுத்துத் தங்கினார்கள். தெற்கத்திக்காரர்கள் தங்கள் பிள்ளைகளுக்காக சவுத் இந்தியன் எஜுகேஷன் சொசைட்டியை 1932இல் அங்கே தொடங்கினார்கள். கூட்டம் பெருகியது. சமைக்கத் தெரியாத, கல்யாணமாகாத அந்த இளைஞர்களுக்கு இரண்டு வேளை சோறு போட உடுப்பிக்காரர்கள் கடை வைத்தார்கள். ராம் ஆஷ்ரயா 1939, கஃபே மெட்ராஸ் 1940, ஏ. ராமநாயக்கின் உடுப்பி ஸ்ரீகிருஷ்ணா போர்டிங் 1942. மூன்று ஆண்டு இடைவெளிக்குள் மூன்று கடைகள். மூன்றும் இன்றும் இருக்கின்றன.

அவை ஏன் நிலைத்தன என்பதை ராமநாயக் கடையின் படியேறிப் போனால் புரிந்துகொள்ளலாம். மாட்டுங்கா ரயில் நிலையத்துக்கு எதிரே, சந்தைக் கட்டடத்தின் மாடி. மெனு கார்டைப் புரட்டி யோசிக்கிற வேலையே இல்லை. சாப்பாடுதான். இலை போடுகிறார்கள், அன்றைய கறி கூட்டு வருகிறது, சோறு வருகிறது, ரசம் வருகிறது, மோர் வருகிறது. நேரம் முடிந்தால் கதவைச் சாத்திவிடுகிறார்கள். அன்றைக்கு வைத்தது அன்றைக்கே தீர்கிறது. மாட்டுங்கா போனால் மதியச் சாப்பாட்டுக்கு அங்கே போங்கள் என்பேன். ஞாயிறு வேண்டாம், வாரநாளில் பன்னிரண்டு மணிக்கு முன்னால் போங்கள். காலைப் பலகாரத்துக்கு கஃபே மெட்ராஸில் ரச வடையும் நெய் விட்ட பொடி இட்லியும். ராம் ஆஷ்ரயாவில் உப்புமாவும் அன்றைய கேசரியும். அங்கே அதை ஷீரா என்று கேட்க வேண்டும். இந்த மூன்றிலும் வீட்டுச் சாம்பாரை எதிர்பார்த்துப் போகாதீர்கள். உடுப்பிக்காரர் கைமணத்துக்காகப் போனால் திருப்தியாகத் திரும்பலாம்.

ஆனால், ஐரோலியில் இருந்துகொண்டு எத்தனை முறை மாட்டுங்கா போவது? தானேவுக்குப் போய், ரயில் மாறி, ஸ்லோ வண்டியில் நின்றுகொண்டே போக வேண்டும். செம்பூர் போவதானால் வாஷி வழியாக ஹார்பர் வண்டி. சேடா நகர் முருகன் கோயிலில் படியேறிக் கும்பிட்டு இறங்கினால் அந்தப் பக்கம் தமிழ்க் கடைகள் உண்டு. செம்பூரிலேயே, பிரிவினைக்குப் பின் சிந்திகள் குடியேறிய கேம்ப் பகுதியில் தால் பக்வானும் ஜாமாவின் குலாப் ஜாமூனும் கிடைக்கும். இவை மாதத்துக்கு ஒரு நாள் விஷயங்கள். தினப்படி பசிக்கு உள்ளூரில்தான் வழி தேட வேண்டும்.

முதல் வழி சைக்கிளில் வருகிறது. காலையில் ‘பாம் பாம்’ என்று ரப்பர் ஹாரன் சத்தம் கேட்டால் பாத்திரத்தோடு கீழே இறங்குங்கள். பின்சீட்டில் கட்டிய பெரிய அலுமினிய அண்டாவில் வெள்ளைத் துணி மூடிய இட்லி, பக்கத்தில் வடை, ஹேண்டிலில் தொங்கும் தூக்கில் தேங்காய்ச் சட்னி, இன்னொன்றில் தண்ணீராகச் சாம்பார். ஊர் முழுக்க அவரை ‘அண்ணா’ என்றுதான் அழைக்கிறது. தாராவியில் வேரூன்றிய தொழில் இது. தென் மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள் சின்ன அறைகளில் கூட்டாகத் தங்கி, விடியுமுன் எழுந்து இட்லி அவித்து, விடிந்ததும் நகரின் நாலா திசைக்கும் கிளம்புகிறார்கள். ஐரோலிக்கு வருகிறவர் தாராவியிலிருந்து மிதித்து வர முடியாது. அருகிலேயே அறை பிடித்து அரைக்கிறார்.

அந்த இட்லியில் குறை உண்டு. வெயில் காலத்தில் மாவு சட்டென்று புளித்துவிடுவதால் லேசாகப் புளிப்பு ஏறும். சட்னியில் தேங்காயைவிடப் பொட்டுக்கடலை அதிகம். ஆனாலும் அது விடிகாலையில் வெந்த இட்லி. நாள்பட்ட மாவல்ல, மறுபடி சுடவைத்ததும் அல்ல. ஏசி அறையில் வரும் இட்லியோடு இதை ஒரு நாள் பக்கத்தில் வைத்துத் தின்று பாருங்கள். ஒன்று மட்டும் அவரிடம் சொல்லுங்கள்: “அண்ணா, பேப்பர்ல வேணாம், இந்தத் தட்டுல வைங்க.” செய்தித்தாளில் உணவைப் பொதியக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018ஆம் ஆண்டு விதியே சொல்கிறது. அச்சு மை சட்னியோடு சேர்ந்து வயிற்றுக்குள் போகிறது. நாம் பாத்திரம் கொண்டுபோனால் பிரச்சினை அன்றே தீரும்.

இந்த அண்ணாமார்களைப் பற்றி ஒரு கவலையும் உண்டு. தாராவி மறுசீரமைப்புத் திட்டத்தில், 2000ஆம் ஆண்டுக்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பவருக்குத்தான் தாராவிக்குள்ளேயே இலவச வீடு. மாடி அறையில் வாடகைக்கு இருப்பவர் வெளியே போக வேண்டும். மாவரைக்கும் அறை எங்கோ தூரத்துக்குப் போய்விட்டால் காலை ஏழு மணிக்கு இட்லி எப்படி வந்து சேரும்? மும்பையின் மலிவான காலை உணவு அந்த அறைகளை நம்பித்தான் இருக்கிறது. வீட்டுக் கணக்கு போடுகிறவர்கள் இந்தக் கணக்கையும் போட வேண்டும்.

மதியத்துக்கு வருவோம். ஐரோலி ஒரு கடலோர ஊர் என்பதைச் செக்டர் வீடுகளில் இருப்பவர்கள் மறந்துவிடுகிறோம். 1970இல் நகரமைப்பு நிறுவனமான சிட்கோ வந்து கட்டம் கட்டி நகரம் போடுவதற்கு எத்தனையோ காலம் முன்பிருந்தே தானே கழிமுகத்தின் ஓரத்தில் ஆக்ரி, கோலி சமூகத்தினர் வாழ்ந்திருக்கிறார்கள். திவா கோலிவாடா இன்றும் ஐரோலிக்குள்தான் இருக்கிறது. ஃபிளமிங்கோ பார்க்கப் படகேற வருகிற கூட்டம், பறவையைப் படம் பிடித்துவிட்டு மால் இருக்கும் பக்கம் பீட்சா தேடிப் போவதைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருக்கும். மீன் தின்கிறவராக இருந்தால் ஐரோலியில் நீங்கள் நம்பிப் போகக்கூடியது சின்ன மால்வணி, ஆக்ரி சாப்பாட்டுக் கடைகள். பத்துப் பதினைந்து மேசைகூட இருக்காது. தட்டில் ஒரு வறுத்த மீன், ஒரு குழம்பு, அரிசி மாவு பாக்ரி, சோறு, சோல்கடி. அவ்வளவுதான் தாலி.

அரிசி பாக்ரியைச் சூட்டோடு பிய்த்து மீன் குழம்பில் தோய்த்துச் சாப்பிட வேண்டும், ஆறினால் விறைத்துவிடும். அதனால் ஒன்றொன்றாகக் கேட்டு வாங்குங்கள். பொம்பில் வறுவல் இங்கத்திய சிறப்பு. தண்ணீர் நிறைந்த மீன் என்பதால் நசுக்கிப் பிழிந்து, ரவை புரட்டிப் பொரிப்பார்கள். மேலே மொறுமொறுவென்றும் உள்ளே வெண்ணெய்போலவும் இருந்தால் அது தெரிந்தவர் கை. சிம்போரி, அதாவது நண்டு, கிடைத்த நாளில் மீனை விட்டுவிட்டு அதைக் கேளுங்கள். சோல்கடியைக் கடைசியில் சோற்றில் ஊற்றிக்கொள்ளலாம், அப்படியே குடிக்கவும் செய்யலாம். கோகமும் தேங்காய்ப்பாலும் பூண்டும் சேர்ந்த அந்தப் புளிப்பு, ரசம் குடித்து வளர்ந்த நாக்குக்குச் சட்டென்று பிடித்துப்போகும். சாம்பாருக்காக ஏங்குகிற தமிழ்ப் பிள்ளைக்கு நான் முதலில் வாங்கித் தருவது இதைத்தான்.

மீன் கடையில் விசாரித்துவிட்டு ஆர்டர் செய்யுங்கள். ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மேற்குக் கடலில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அந்த இரண்டு மாதம் மேசைக்கு வரும் சுர்மை என்கிற வஞ்சிரமும் பாப்லெட் என்கிற வவ்வாலும் பெரும்பாலும் ஐஸ்பெட்டி மீன், விலையோ அதிகம். அப்போது கருவாட்டைக் கேளுங்கள். காய்ந்த பொம்பில், சுகட் என்கிற கூனிப்பொடி இரண்டையும் மழைக்காலத்துக்கென்றே வீடுகளில் சேர்த்து வைப்பது இங்கத்திய வழக்கம். புதன், வெள்ளி, ஞாயிறு இந்த ஊர்க்காரர்கள் அசைவம் சாப்பிடும் நாட்கள். புது மீன் வருவதும் அந்த நாட்களில்தான். சிராவண மாதத்தில் பாதிப்பேர் அசைவத்தை விட்டுவிடுவதால் மீன் தேங்கும். “மாவ்ஷி, இன்னைக்கு எது தாஜா?” என்று கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவார்கள். கேட்காமல் பாப்லெட் என்று சொல்லிவிட்டுப் பிறகு குறைபட்டுப் பயனில்லை.

சைவக்காரர்களுக்குப் போளி-பாஜி கேந்திரங்கள் இருக்கின்றன. பெண்கள் நடத்தும் சின்னஞ்சிறு கடைகள். உட்கார இடம் இருக்காது. சப்பாத்தி, இரண்டு காய், பருப்பு, சோறு, அவ்வளவே. சாயந்திரம் ஆறு மணிக்கு மேல் வரிசை நிற்கும். எண்ணெய் குறைவு, காரம் அளவு, விலையும் கைக்கு அடக்கம். தினமும் வெளியே சாப்பிட்டாக வேண்டியவர்களுக்கு இதைவிட நல்ல சாப்பாடு ஐரோலியில் இல்லை என்று உறுதியாகச் சொல்வேன். சங்கஷ்டி நாளில் அவர்களிடம் வேகவைத்த மோதகம் சொல்லிவைத்து வாங்குங்கள். நம் கொழுக்கட்டைக்குச் சற்றும் குறைந்ததல்ல.

சிற்றுண்டிக்கு வடாபாவ். 1966இல் தாதர் ரயில் நிலையத்துக்கு வெளியே அசோக் வைத்யா தொடங்கிவைத்ததாகச் சொல்லப்படும் இந்தப் பலகாரத்துக்குக் கடைப் பெயர் முக்கியமில்லை, ஈடுதான் முக்கியம். வடை வாணலியை விட்டு இறங்கும் நேரத்தில் நிற்கிற கடையே அன்றைய நல்ல கடை. காரம் தாங்குகிறவர்கள் ஒரு சனிக்கிழமை காலை தானேவுக்குப் போய் தாசில்தார் அலுவலகத்தை ஒட்டிய மாம்லேதார் மிசலைச் சாப்பிட்டு வாருங்கள். முதல் முறை ‘மீடியம்’ போதும். அங்கேயும் சமையல் ஒன்றுதான். மிசல் தின்னத்தான் கூட்டம் வருகிறது.

பெரிய ஓட்டலுக்குப் போயே ஆக வேண்டிய நாட்களும் வரும். பிறந்தநாள், அலுவலக விருந்து என்று ஏதாவது இருக்கும். அப்போது தந்தூர் அடுப்பிலிருந்து நேராக வருவதைக் கேளுங்கள், இட்லி தோசைப் பக்கத்தைத் திருப்பிவிடுங்கள். பில்லில் சர்வீஸ் சார்ஜ் சேர்த்திருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் சொன்னது. 2025 மார்ச்சில் தில்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. கொடுக்க விருப்பமிருந்தால் பரிமாறிய பையனின் கையில் நேராகக் கொடுங்கள்.

இனி, என் மனதில் நெடுநாளாக இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு மாட்டுங்காவில் அறை எடுத்துத் தங்கிய குமாஸ்தாக்களின் இடத்தில் இன்று ஐரோலியில் மென்பொருள் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களும் இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதில் ஊரைவிட்டு வந்தவர்கள். அவர்களுக்கும் சமைக்கத் தெரியாது. குமாஸ்தாவுக்கு நேரத்துக்கு இலை போட ஒரு போர்டிங் இருந்தது. இவர்களுக்கு அப்படி ஒன்றும் இல்லை. மகாராஷ்டிர அரசு 2020இல் பத்து ரூபாய்க்குச் சிவ போஜன் தாலி தொடங்கியது; அதற்கு முன் 1995 வாக்கில் ஒரு ரூபாய் ஜுண்கா பாக்ரி. நம் பக்கம் 2013இல் அம்மா உணவகம். மூன்றிலும் நான் பார்ப்பது ஒரே பாடம்: அயிட்டம் குறைந்தால் விலையும் குறைகிறது, கெட்டுப்போவதும் குறைகிறது. ஐரோலிக்கு வேண்டியது இன்னொரு ஏசி ரெஸ்டாரண்ட் அல்ல. மதியம் ஒரு சாப்பாடு, இரவு ஒரு டிபன் மட்டும் போடுகிற மெஸ் ஒன்று போதும். வீட்டிலிருந்தபடி டப்பா கட்டிக் கொடுக்கும் தமிழ்ப் பெண்கள் இங்கே இருக்கிறார்கள், கைமணமும் இருக்கிறது. சிறு உணவுத் தொழிலாகப் பதிவு செய்ய ஆண்டுக்கு நூறு ரூபாய்தான் கட்டணம். நாலு பேர் சேர்ந்து ஒரு சின்ன இடம் பிடித்தால் நடத்திவிடலாம். அப்படி ஒருவர் தொடங்கினால் பன்னீர் கேட்டு அவரைக் கெடுத்துவிடாமல் பார்த்துக்கொள்வது நம் கடமை.

நவி மும்பை மாநகராட்சிக்கும் ஒரு கோரிக்கை. ஐரோலி நிலைய வாசலிலும் அலுவலக வளாகங்களின் கேட்டுக்கு எதிரிலும் வண்டி போட்டு உணவு விற்பவர்களை லாரி வைத்து அள்ளிப்போவது அவ்வப்போது நடக்கிறது. பிறகு அவர்கள் திரும்பி வருவதும் நடக்கிறது. தெருவோர வியாபாரிகள் சட்டம் வந்தது 2014இல். நகர மக்கள்தொகையில் இரண்டரை சதவீதம் வரையிலான வியாபாரிகளுக்கு இடம் ஒதுக்கலாம் என்று அதில் எழுதியே இருக்கிறது. அவர்களைக் கணக்கெடுத்து, சான்றிதழ் கொடுத்து, இடம் குறித்து, ஒரு குடிநீர்க் குழாயும் குப்பைத்தொட்டியும் வைத்துக் கொடுங்கள். சுத்தமில்லை என்று விரட்டுகிற அதிகாரிகள் முதலில் அந்தக் குழாயைப் போட்டுக் கொடுக்கட்டும்.